இணங்கிய உடம்பு

கிருபாகரின் ரத்தத்தைச் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்ட பெண் உடம்பு இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது அவனுடைய முதல் மனைவி மேகலாவுடையது என்று டாக்டர் பெனாசிர் சொன்னபோது, சம்யுக்தா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகுவதை நிறுத்தவில்லை.

“வேற யாரும் இல்லீங்களா டாக்டர்?”

“இல்லம்மா. அவரோட குழந்தையைச் சுமந்தவங்க நீங்க ரெண்டு பேர்தானே? உங்க உடம்பு எதிர்த்துச்சு. அவங்க உடம்பு எதிர்க்கல. ஏன் எதிர்க்கலங்கறதுதான் நமக்கு வேணும்.”

பக்கத்து நாற்காலியில் கிருபாகர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஷயம் இவ்வளவுதான். அவனுடைய சிவப்பணுக்களின் மேல் ஓர் அபூர்வமான குறி இருந்தது. ரத்த வங்கிகளில் அப்படி ஒன்றைப் பார்த்தவர்களே குறைவு. அவன் அப்பாவும் அம்மாவும் அத்தை மகனும் மாமன் மகளுமாகக் கட்டிக்கொண்டவர்கள். இரண்டு பக்கமிருந்தும் அந்தக் குறி வந்திருந்ததால் அவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போகும். பெற்றவளிடம் அந்தக் குறி இருக்காது. சில சமயம் தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்தைக் களவாக உள்ளே வந்தவன் என்று நினைத்து ஆன்டிபாடிகளை ஏவிவிடும். சம்யுக்தாவின் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் தானாகக் கலைந்தது. அப்போது ரத்தம் கலந்து அவள் உடம்பு பாடம் படித்துக்கொண்டுவிட்டது. இரண்டாவது, ஏழாம் மாதத்தில், வயிற்றிலேயே ரத்தம் வற்றி, நீர் கோத்து, முகம் வீங்கிப் பிறந்தது. பையன். மூச்சு விடவில்லை.

“இப்ப உங்க ஆன்டிபாடி ரொம்ப உக்கிரமா இருக்கு. அடுத்த தடவை நாலாம் மாசம்கூடத் தாண்டாது. வயித்துக்குள்ளயே குழந்தைக்கு ரத்தம் ஏத்தலாம்னா அதுக்கு முன்னாடியே போயிடும். வேற ஒருத்தரோட விந்தணு வச்சுப் பண்ணிக்கலாம்னா நீங்க வேண்டாங்கறீங்க.”

“வேண்டாங்க” என்றாள் சம்யுக்தா. அதற்குக் காரணத்தை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, கிருபாகரிடமும் சொல்லவில்லை. மேகலா அவனுக்கு ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்திருக்கிறாள். நிறைமதி. அவனுடைய அதே நெற்றி, அதே காது. அவள் பெற்றுக் கொடுத்ததைத் தான் பெற்றுக் கொடுக்க முடியாதென்றால் இந்த வீட்டில் தான் யார்?

“அப்போ இணக்கச் சிகிச்சைதான் வழி. மேகலா உடம்புல ஒரு வகை செல் இருக்கு. ‘இது நம்ம ஆள், விட்டுரு’ன்னு மத்த செல்களுக்குச் சொல்ற செல். அதை எடுத்து உங்களுக்குக் கொடுத்தா, உங்க உடம்பு அதுங்ககிட்ட கத்துக்கும். ஆனா அந்தச் செல்லெல்லாம் இப்ப தூங்குது. எழுப்பணும்னா கிருபாகரோட ரத்தம் கொஞ்சம், ஒரு ரெண்டு ஸ்பூன், அவங்களுக்குள்ள போகணும். ஒவ்வொரு தடவையும்.”

சம்யுக்தா மூடியைத் திருகுவதை நிறுத்தினாள்.

தன் புருஷனின் ரத்தம் மேகலாவுக்குள் போக வேண்டும். அங்கிருந்துதான் தனக்கு வர வேண்டும்.

*

கேட்கப் போனது கிருபாகர்தான். மேகலா பல்லடத்தில் கோழித் தீவன ஆலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தாள். ஆலைக்குப் பக்கத்திலேயே வீடு. காலையில் போனவன் மதியம் கழித்துத்தான் கோயம்புத்தூர் திரும்பினான்.

“என்ன சொன்னாங்க?”

“சரின்னுட்டா.”

“உடனேவா?”

“கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் சரின்னா. சாப்பிட்டுப் போன்னா, சாப்பிட்டேன்.”

“பதிலுக்கு ஒண்ணும் கேக்கலையா?”

“அவ எப்பவும் ஒண்ணும் கேக்க மாட்டா” என்று சொல்லிவிட்டு, கிருபாகர் கை கழுவப் போனான்.

சம்யுக்தாவுக்கு அந்த ‘எப்பவும்’ நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மேகலா ஏதாவது நிபந்தனை போட்டிருந்தால், நான்கு வார்த்தை குத்திப் பேசியிருந்தால், தாங்கிக்கொண்டிருப்பாள். சும்மா கொடுப்பவளிடம் வாங்குவதுதான் கஷ்டம். அதுவும் அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. ஒருநாள் உட்கார்ந்து பேசி, ஒத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவர்கள். அடித்துக்கொண்டு பிரிந்தவர்களை நம்பலாம், திரும்பச் சேர மாட்டார்கள். இப்படிச் சும்மா பிரிந்தவர்களை எப்படி நம்புவது?

சிகிச்சை தொடங்கியது. ஆஸ்பத்திரி மாடியில் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சம்யுக்தாவுக்கு ஒரு கட்டில். அந்தப் பக்கம் மேகலாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி. முதல் நாள் கிருபாகரின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை மேகலாவுக்குச் செலுத்துவார்கள். சில நாள் கழித்து மேகலா திரும்பவும் வருவாள். இயந்திரம் ஒன்று அவள் ரத்தத்தை ஒரு கை வழியாக வாங்கி, வேண்டிய செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மறு கை வழியாகக் கொடுத்துவிடும். பையில் வெளிர் மஞ்சளாகக் கொஞ்சம் சேரும். அதுதான் சம்யுக்தாவுக்கு.

இரண்டு பேர் செல்லும் ஒத்துப்போகுமா என்று டாக்டர் ஆரம்பத்திலேயே பார்த்திருந்தார். “ஆச்சரியமா இருக்கும்மா. கூடப்பிறந்தவங்க மாதிரிப் பொருந்துது” என்று சந்தோஷமாகச் சொன்னார். சம்யுக்தா சிரித்து வைத்தாள்.

மேகலா அவளைவிட உயரம், கொஞ்சம் கறுப்பு. முடியைத் தூக்கி ஒரு கிளிப்பில் போட்டிருப்பாள். அழகி என்று சொல்ல முடியாது. சம்யுக்தா அதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒன்றும் பயனில்லை. ஊசி குத்தும்போது மேகலா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் திருப்புவதற்கு முன்பே கிருபாகர் ஜன்னல் பக்கம் போய் நின்று ஏதாவது பேச ஆரம்பிப்பான், அவள் பார்ப்பதற்கு ஒரு முகம் இருக்கட்டும் என்பது போல. அவனுக்கே அது தெரியாது. பழகிப்போனது. சம்யுக்தாவுக்கு ஊசி என்றால் பயமில்லை. அதனால் அவளுக்கு அப்படி யாரும் நின்றதில்லை.

“கிருபா, நீ போய்ச் சாப்பிடு. சுகரை வச்சுக்கிட்டு இப்படி நிக்காதே” என்பாள் மேகலா.

சம்யுக்தா அவனை ‘நீங்க’ என்பவள். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் அந்த ‘நீ’ வாயில் வரவில்லை. ஒருநாள் வீட்டில் தனியாக இருக்கும்போது “கிருபா, நீ சாப்பிடு” என்று சொல்லிப் பார்த்தாள். யாரோ மூன்றாம் மனுஷி பேசுவது போல இருந்தது.

ஆனால் சிகிச்சை வேலை செய்தது. ஆன்டிபாடி இறங்கிக்கொண்டே வந்தது. அவள் கருத்தரித்தாள். பிறகும் சுற்றுச்சுற்றாகத் தொடர்ந்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்த மெட்ரோவில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவளைக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். திரையில் உக்கடம் ரயில்கள் ஊர்வதைப் பார்த்தபடி வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான்காம் மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. ஸ்கேனில் குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் பெனாசிர், “ரத்தம் கெட்டியா, நல்லா இருக்கு. உங்க உடம்பு இப்ப மேகலா சொல்றதைக் கேக்குது” என்றார்.

கிருபாகர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சம்யுக்தாவுக்கும் அழுகை வந்தது. ஆனால் அதில் பாதி வேறு அழுகை. பிள்ளைகூட மேகலா சொல்லித்தான் தங்க வேண்டியிருக்கிறது.

*

ஏழாம் மாதம் தொடங்கியது. போன தடவை பிள்ளை போன மாதம். சம்யுக்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பகல், அவள் ஷிப்ட் முடிந்து ஸ்டேஷன் படியில் இறங்கும்போது போன் வந்தது. மேகலா. அவள் சம்யுக்தாவைக் கூப்பிட்டதே இல்லை.

“தொந்தரவு பண்றேனுங்களா? ஒண்ணு கேக்கணும். போன தடவை ஊசி போட்டதுக்கப்புறம் எனக்கு இடுப்புக்கு மேல, முதுகுல, ஒரு மாதிரி பிடிச்சு இழுத்துச்சு. கொஞ்சம் குளிரும் இருந்துச்சு. ஒரு நாள்ல சரியாப் போச்சு. உங்களுக்கு இந்த மாதிரி ஏதாவது இருந்துச்சுங்களா?”

சம்யுக்தாவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. ‘டாக்டரிடம் சொல்லுங்கள்’ என்பதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் அவள் மனதில் இரண்டு நினைப்பு ஓடியது. சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள், பிள்ளை போய்விடும் என்பது ஒன்று. இன்னொன்று அதைவிட அசிங்கமானது. முதுகு வலி என்று கிருபாகர் காதில் விழுந்தால் அவன் பல்லடத்துக்கு ஓடுவான். அதற்குத்தான் போடுகிறாளோ இந்த போன்?

“எனக்கும் அப்படித்தாங்க இருக்கும்” என்றாள். “இதெல்லாம் சாதாரணம்.”

“அப்படிங்களா. சரிங்க.” மேகலா சற்று நிறுத்தி, “குழந்தை அசையுதுங்களா?” என்றாள்.

“அசையுதுங்க.”

“நல்லது” என்று வைத்துவிட்டாள்.

அடுத்த சுற்றுக்கு மேகலா வந்தாள். வழக்கமான பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. கிருபாகரின் ரத்தம் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகலா நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பதைச் சம்யுக்தா பார்த்தாள். பிறகு பல் கிட்டி நடுங்கினாள். நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். சிறுநீர் காப்பித் தண்ணீர் நிறத்தில் போனது. கிருபாகரின் சிவப்பணுக்களை மேகலாவின் உடம்பு அடித்து உடைத்துக்கொண்டிருந்தது. அத்தனை வருஷம் ‘நம்ம ஆள்’ என்று சொன்ன உடம்பு, ஒரே நாளில் திரும்பிக்கொண்டது.

சிறுநீரகம் அடங்கிப்போனது. மேகலாவை டயாலிசிஸ் பிரிவில் சேர்த்தார்கள்.

“போன தடவையே உடம்பு கோணியிருக்கணும். முதுகு வலி, குளிர்னு ஏதாவது வந்திருக்கும். அதைச் சொல்லியிருந்தா நான் ஊசியே போட்டிருக்க மாட்டேன்” என்றார் டாக்டர் பெனாசிர். “உங்களுக்கு வேண்டிய அளவு கிடைச்சாச்சு. குழந்தைக்குப் பயமில்லை.”

குழந்தைக்குப் பயமில்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்த மாதிரி சம்யுக்தா தலையாட்டினாள்.

அப்புறம் கிருபாகர் வீட்டுக்கு வருவது குளிக்க மட்டும்தான். மேகலாவின் அண்ணன் வெளிநாட்டில். அம்மா இல்லை. “என் ரத்தத்தாலதானே சம்யு அவ இப்படிக் கிடக்கறா” என்பான். நிறைமதியைக் கூட்டி வந்து வீட்டில் விட்டிருந்தான். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண், அழாமல், சோபாவின் ஓரத்தில் ஸ்கூல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சம்யுக்தா தட்டில் தோசையை வைத்தால், “சித்தி, அம்மாவுக்கு எப்போ சரியாகும்?” என்பாள். சம்யுக்தா அவள் முகத்தைப் பார்க்காமல் சட்னி ஊற்றுவாள். ஆஸ்பத்திரியில் கிருபாகர் மேகலாவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் காட்சி கண்ணை விட்டுப் போகாது. தான் செய்த காரியம் சம்யுக்தாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பொறாமை குறையவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. குற்ற உணர்ச்சி வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

மேகலாவின் சிறுநீரகம் மெல்லத் திரும்பியது. முழுசாக இல்லை. உப்பைக் குறை, மாத்திரை போடு, அடிக்கடி வந்து காட்டு என்று சொல்லி அனுப்பினார்கள். மாதம் நிறைந்ததும் சம்யுக்தாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மஞ்சள்கூடத் தட்டவில்லை. வீறிட்டு அழுத சத்தம் கேட்டு, பிரசவ அறைக்கு வெளியே கிருபாகர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டானாம்.

*

குழந்தைக்குக் கழுத்து நின்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்யுக்தா பல்லடம் போகலாம் என்றாள். கிருபாகருக்கு ஆச்சரியம். அவனை நிறைமதியோடு கடைக்கு அனுப்பிவிட்டு, குழந்தையும் தானுமாக மேகலாவின் முன்னால் உட்கார்ந்தாள். மேகலா இளைத்திருந்தாள். கையில் ஊசி ஏறிய இடங்கள் கறுத்திருந்தன. வெளியே ஆலையின் தவிட்டு வாசனை.

“நீங்க அன்னிக்கு போன் பண்ணீங்களே” என்று சம்யுக்தா ஆரம்பித்தாள். “எனக்கு முதுகு வலியெல்லாம் வந்ததே இல்லீங்க. பொய் சொன்னேன்.”

மேகலா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுங்க. ‘சாதாரணம்’னு ரொம்பச் சீக்கிரமாச் சொன்னீங்க. அப்பவே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா வந்தீங்க?”

“டாக்டர்கிட்டயே கேட்டிருக்கலாமே, கேக்கலியே நானு. உங்களை மட்டும் ஏன் சொல்றது?” மேகலா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “கிருபா கெட்டவன் இல்லீங்க. யாருக்கும் முடியாதுன்னு சொல்ல மாட்டான். அந்த ‘முடியாது’ எல்லாத்தையும் கூட இருக்கறவதான் சொல்லணும், கெட்ட பேரும் அவதான் வாங்கணும். ஏழு வருஷம் வாங்கினேன். போதும்னு வந்துட்டேன். வந்தப்புறம் டாக்டர் சொல்றாங்க, என் உடம்பு இன்னும் அவனை நம்ம ஆளுன்னு வச்சிருக்குதாம். எனக்கு எவ்வளவு எரிச்சலா இருந்துச்சு தெரியுங்களா? நான் விட்டுட்டேன், என் ரத்தம் விடலையாம். அந்த முதுகு வலி வந்தப்ப, அது என்னன்னு எனக்குப் புரிஞ்சுது. என் உடம்பும் வேண்டாங்குதுன்னு. இன்னொரு தடவை போட்டா முழுசா விட்டுப் போயிடும்னு நினைச்சேன். சாகற அளவு ஆகும்னு நினைக்கல.”

எந்தப் பிணைப்பை நினைத்துச் சம்யுக்தா இத்தனை நாள் வெந்தாளோ அதைக் கழற்றிப் போட ஒருத்தி உயிரைப் பணயம் வைத்திருக்கிறாள்.

“இப்ப நிம்மதியா இருக்குதுங்களா?”

மேகலா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“டாக்டர் உங்ககிட்ட நிறைமதி விஷயம் சொல்லலீங்களா?”

“என்ன விஷயம்?”

“நானும் கேட்டேன், ஏன் என் உடம்பு மட்டும் அவனை இத்தனை வருஷம் விட்டு வச்சிருந்துச்சுன்னு. அவனையில்லையாம். நிறைமதி வயித்துல இருந்தப்ப அவ செல்லு கொஞ்சம் என் எலும்புக்குள்ள தங்கிடுச்சாம். எல்லா அம்மாவுக்கும் கொஞ்சம் தங்குமாம், எனக்கு ரொம்ப நல்லாத் தங்கியிருந்துச்சாம். கொஞ்சமே கொஞ்சம் அவ ரத்தம் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவளைக் காப்பாத்தத்தான் உடம்பு அப்படி அடங்கி இருந்துச்சு. அவன் குறிதான அவளுக்கும்? உடம்புக்கு அப்பன் வேற, பொண்ணு வேறன்னு தெரியாதுங்களே. அவனை விரட்டறேன்னு அவளையும் விரட்டிடுச்சு. ஆஸ்பத்திரியில தேடிப் பார்த்தாங்க. ஒண்ணுகூட இல்லை.”

வெளியே ஒரு லாரி திரும்பிப் போனது. குழந்தை காலை உதைத்துக்கொண்டது.

“என்கிட்ட எடுத்த அந்தப் பைல அவ செல்லும் கொஞ்சம் கலந்து வந்திருக்கு. அது உங்களுக்குள்ள போய் ஒட்டிக்கிச்சாம். அதனாலதான் உங்க உடம்பு இவ்வளவு நல்லாப் படிஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாங்க. உங்ககிட்ட இருக்கா.” மேகலாவின் குரல் உயரவில்லை. “என்கிட்ட இல்லை.”

சம்யுக்தாவின் கை தானாகத் தன் முழங்கை மடிப்பைத் தொட்டது, ஊசி ஏறிய இடத்தை.

“நெசமான பொண்ணு இந்த ரூம்ல, என் பக்கத்துலதான் படுத்துத் தூங்கறா. தலை வாரி விடறேன். சோறு போடறேன். இதுக்குப் போய் ஒருத்தி ஏங்குவாளான்னு நினைப்பீங்க.”

“நினைக்கலீங்க” என்றாள் சம்யுக்தா.

உண்மையாகவே நினைக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள அவளைவிட யோக்கியதை உள்ளவர்கள் அந்த ஊரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. நிறைமதி ஓடி வந்து, “சித்தி, தம்பியைத் தாங்க” என்று கையை நீட்டினாள். சம்யுக்தா அவளைச் சுவரோரமாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி, தலைக்கு எப்படிக் கை கொடுப்பது என்று காட்டி, குழந்தையை மடியில் வைத்தாள். கிருபாகர் வாங்கி வந்த பழத்தைக் கழுவ உள்ளே போனான். அவன் போனதை இரண்டு பெண்களும் கவனிக்கவில்லை. குழந்தை நிறைமதியின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்தாள்.

மேகலா சிரிக்கிற மகளைப் பார்க்கவில்லை. சம்யுக்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. கழுத்து, தோள், கை என்று ஒரு இடத்திலும் நிற்காமல், மகள் உள்ளே எங்கே இருக்கிறாள் என்று தேடுவது போலப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அன்பு இல்லை. சம்யுக்தா அதற்காக வருத்தப்படவில்லை.

கிளம்பும்போது மேகலா வாசல் வரை வந்தாள். கிருபாகர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“அடிக்கடி வாங்க” என்றாள்.

அழைப்பு தனக்கில்லை, தனக்குள் ஒட்டிக்கொண்டவளுக்கு என்று சம்யுக்தாவுக்குத் தெரிந்தது.

“வர்றேனுங்க” என்றாள். “மாசத்துக்கு ஒரு தடவையாவது வர்றேன்.”